நடக்காத வகுப்பு, கிடைக்காத தண்டனை: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் படிப்பு மோசடி

2017 அக்டோபர் 13 அன்று வந்த ஒரு தீர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு ரசிகர்கள் இன்றும் கொதிக்கிறார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் 18 ஆண்டுகள் பெயரளவுக்கு மட்டுமே வகுப்புகள் நடந்தன. 3,100 மாணவர்கள் அவற்றில் மதிப்பெண் வாங்கினார்கள். அந்த இடங்களில் கிட்டத்தட்டப் பாதியை நிரப்பியவர்கள் விளையாட்டு வீரர்கள். ஆனாலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் விசாரித்த கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ, பல்கலைக்கழகத்துக்கு எந்தத் தண்டனையும் கொடுக்கவில்லை. கோப்பை பறிபோகவில்லை, வெற்றிகள் ரத்தாகவில்லை, உதவித்தொகை இடம் ஒன்றுகூடக் குறையவில்லை.

அதே அமைப்புதான், ஒரு மாணவ உதவியாளர் சில வீரர்களுக்குப் பாடவேலை எழுதிக் கொடுத்ததற்காக நோட்ர டாம் பல்கலைக்கழகத்தின் 21 கால்பந்து (இங்கே கால்பந்து என்றால் அமெரிக்கக் கால்பந்து) வெற்றிகளை ஏட்டிலிருந்து நீக்கியது. ஒரே ஒரு டியூட்டர் 12 பேருக்கு வேலை செய்து கொடுத்ததற்காக மிசூரி பல்கலைக்கழகத்தின் மூன்று அணிகளுக்கு ஓராண்டு தடை போட்டது.

பெரிய இடம் என்றால் தப்பித்துவிடலாம் என்பதுதான் இதற்கு ரசிகர்கள் சொல்லும் காரணம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முக்கியமான காரணம் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது.

முதலில் அடிப்படை

நம் ஊரில் கல்லூரி விளையாட்டு என்றால் மண்டலப் போட்டி, கேடயம், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு சீட். அமெரிக்காவில் அது தொலைக்காட்சித் தொழில். ஒவ்வொரு மார்ச் மாதமும் நடக்கும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்குப் போனது. 2016இல் அதை 2032 வரை நீட்டித்தபோது இன்னும் 880 கோடி டாலர் சேர்ந்தது. ஆடுபவர்கள் மாணவர்கள் என்பதுதான் இந்த வியாபாரத்தின் முகப்பு. அவர்கள் மாணவர்கள்தான் என்று காட்டுவதற்கு மதிப்பெண் பட்டியல் தேவைப்படுகிறது.

இதை நடத்தும் அமைப்பு என்சிஏஏ. இது அரசுத் துறை அல்ல, சுமார் 1,100 கல்லூரிகள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம். விதிகளை எழுதுவது உறுப்பினர் கல்லூரிகள். விதி மீறல்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் குழுவிலும் பெரும்பாலும் அந்த உலகத்தைச் சேர்ந்தவர்களே உட்காருகிறார்கள். சாப்பல் ஹில் வழக்கை விசாரித்த குழுவின் தலைவர் கிரெக் சாங்கி, தென்கிழக்குப் பகுதியின் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்த எஸ்இசி லீகின் ஆணையர்.

மேலே போவதற்கு முன் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. ஆட்டத் தகுதி. முழுநேர மாணவராக இருக்க வேண்டும், குறைந்தபட்ச சராசரி மதிப்பெண் வேண்டும், பட்டத்தை நோக்கி நகர்ந்துகொண்டும் இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப் படிப்பின் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80. இதில் ஒன்று குறைந்தாலும் மைதானத்தில் இறங்க முடியாது. தகுதியில்லாத ஒருவர் ஆடியது பின்னால் தெரிந்தால் அந்த ஆட்டத்தின் வெற்றியே செல்லாமல் போகலாம்.

2. கூடுதல் சலுகை. மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத ஒன்று விளையாட்டு வீரருக்கு மட்டும் கிடைத்தால் அது குற்றம். எல்லோருக்கும் கிடைத்தால் குற்றமில்லை. கடைசியில் எல்லாம் இந்த வரியில்தான் வந்து நிற்கும்.

3. படிப்பு ஆலோசகர். வீரர் எந்தப் பாடம் எடுக்க வேண்டும், எந்த நேரத்தில், யாரிடம் என்று வழிகாட்டும் பல்கலைக்கழக ஊழியர். ஒரு வீரர் பாடத்தில் தோற்றால் அணிக்கே இழப்பு என்பது இவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம், அணி முழுவதற்கும் ஒரு படிப்பு முன்னேற்ற மதிப்பீடு உண்டு. 1,000க்குக் கணக்கிடப்படும் அதில் 930க்குக் கீழே போனால் தடை வரும். 2011இல் சாம்பியனான கனெக்டிகட் அணி, இந்த மதிப்பீட்டில் தேறாததால் 2013 மார்ச் போட்டியில் ஆட முடியவில்லை. யாரும் பித்தலாட்டம் செய்ததாகக் குற்றச்சாட்டு இல்லை, எண்கள் குறைந்தன, தடை விழுந்தது. அடுத்த ஆண்டே அந்த அணி மீண்டும் கோப்பையை வென்றது வேறு கதை. உண்மையான மதிப்பெண் குறைந்தால் தடை தானாக வருகிறது. போலி மதிப்பெண் உயர்ந்தால் வழக்கு, வாதம், விதி விளக்கம் என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. இந்த ஏற்பாட்டில் ஒரு படிப்பு ஆலோசகருக்கு எந்தப் பக்கம் சாய ஆசை வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மோசடியில் இரண்டு வகை

முதல் வகை, வீரருக்குப் பதிலாக இன்னொருவர் வேலை செய்வது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு அலுவலக மேலாளர் 1990களில் சுமார் 20 கூடைப்பந்து வீரர்களுக்காக 400க்கும் மேற்பட்ட கட்டுரைகளும் பாடவேலைகளும் எழுதிக் கொடுத்தார். 1999 மார்ச்சில், போட்டியில் அணி ஆடுவதற்கு முந்தைய நாள், உள்ளூர்ப் பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. 1997இல் அந்த அணி அரையிறுதி வரை வந்த சாதனை ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. பயிற்சியாளர் கிளெம் ஹாஸ்கின்ஸ் 15 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு விலகியிருந்தார். அவர் விசாரணையில் பொய் சொன்னது தெரிந்த பிறகு அதில் 8,15,000 டாலரைத் திருப்பித் தர வேண்டி வந்தது. ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு இணையவழி இசைப் பாடத்தின் தேர்வில் 10 விளையாட்டுகளைச் சேர்ந்த 61 பேருக்கு விடை கிடைத்த கதையும் இந்த வகைதான். அதற்கு 2009இல் தண்டனை வந்தது.

இரண்டாம் வகையில் வீரர் யாரையும் ஏமாற்ற வேண்டியதே இல்லை. பாடமே பொய்யாக இருக்கும். இதன் வேடிக்கையான மாதிரி ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 2001இல் நடந்தது. தலைமைப் பயிற்சியாளரின் மகனான உதவிப் பயிற்சியாளர் ஜிம் ஹேரிக் ஜூனியர், கூடைப்பந்துப் பயிற்சி முறைகள் பற்றி ஒரு பாடம் நடத்தினார். இறுதித் தேர்வில் 20 கேள்விகள். கூடைப்பந்து மைதானத்தில் எத்தனை கூடைகள் இருக்கும்? ஒரு கல்லூரி ஆட்டத்தில் எத்தனை பாதிகள்? மூன்று புள்ளி எறிதலுக்கு எத்தனை புள்ளி? கடைசிக் கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் இருந்த எல்லோருக்கும் ஏ கிரேடு.

முதல் வகையில் கையும் களவுமாகப் பிடிக்கலாம். கையெழுத்து, மின்னஞ்சல், கோப்பு தேதி என்று ஏதாவது மாட்டும். இரண்டாம் வகையில் குற்றவாளி பல்கலைக்கழகமேதான். அந்த மதிப்பெண் செல்லுமா செல்லாதா என்று சொல்லும் அதிகாரமும் அதே பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது.

சாப்பல் ஹில்லில் நடந்தது என்ன?

1993இலிருந்து 2011 வரை, ஆப்பிரிக்க மற்றும் ஆப்பிரிக்க-அமெரிக்க ஆய்வுகள் துறையில் ‘பேப்பர் கிளாஸ்’ என்று அழைக்கப்பட்ட வகுப்புகள் இருந்தன. பதிவேட்டில் அவற்றில் சில விரிவுரை வகுப்புகள், சில தனிப்பட்ட ஆய்வுப் பாடங்கள். உண்மையில் விரிவுரை கிடையாது, பேராசிரியரைப் பார்க்க வேண்டியதில்லை, பருவ முடிவில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அந்தக் கட்டுரைக்கு மதிப்பெண் போட்டவர் பேராசிரியர் அல்ல, துறை அலுவலகத்தில் வேலை பார்த்த நிர்வாக ஊழியர். அவர் முன்னுரையையும் முடிவுரையையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் ஏ அல்லது நல்ல பி போட்டுவிடுவார் என்று பல்கலைக்கழகம் அமர்த்திய முன்னாள் அரசு வழக்கறிஞர் கென்னத் வெய்ன்ஸ்டீனின் அறிக்கை 2014 அக்டோபரில் சொன்னது. சிரமப்படும் மாணவர்களுக்கு உதவுவதாகவே அவர் நினைத்திருக்கிறார். துறைத் தலைவர் ஜூலியஸ் ந்யாங்கோரோ இதை நடக்க விட்டார்.

மாணவர் தொகையில் விளையாட்டு வீரர்கள் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். பேப்பர் கிளாஸ் சேர்க்கையில் அவர்கள் ஏறக்குறையப் பாதி. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். இதற்கு என்ன விளக்கம் சொன்னாலும் தற்செயல் என்று சொல்ல முடியாது.

அந்த அறிக்கையில் இரண்டு இடங்கள் ஆளை அசர வைக்கும்.

ஒன்று, 2008இல் பரிமாறிய மின்னஞ்சல். பெண்கள் கூடைப்பந்து அணியின் படிப்பு ஆலோசகர் ஒரு வீராங்கனையின் கட்டுரையை அனுப்புகிறார். அலுவலக ஊழியர் திருப்பிக் கேட்கிறார்: இதற்கு டி (தேறுவதற்கான கடைசி கிரேடு) போட்டால் போதுமா? ஆதார நூல் எதுவும் இல்லை, பாடத்துக்கும் கட்டுரைக்கும் சம்பந்தமே இல்லை, ஏற்கனவே வேறு வகுப்புக்குக் கொடுத்த கட்டுரை மாதிரி தெரிகிறதே. ஆலோசகரின் பதில், டி போதும், அவளுக்குத் தேவை அவ்வளவுதான் என்பது. பழைய கட்டுரைதான் என்று தனக்கும் தோன்றியதாக அவரே சேர்த்துக்கொள்கிறார். தத்துவம் கற்பித்த இந்த ஆலோசகர் பல்கலைக்கழகத்தின் நெறியியல் மையத்துக்கு இயக்குநராகவும் இருந்தவர். இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, 2009 நவம்பரில் கால்பந்துப் பயிற்சியாளர்களுக்குக் காட்டிய ஒரு ஸ்லைடு. அலுவலக ஊழியர் அந்த ஆண்டு ஓய்வு பெற்றிருந்தார். வீரர்களின் சராசரி சரியப் போகிறதே என்று ஆலோசகர்களுக்குக் கவலை. இதுவரை வீரர்களை எந்த மாதிரி வகுப்புகளில் போட்டோம் என்று ஸ்லைடில் வரிசையாக எழுதியிருந்தது: வகுப்புக்குப் போக வேண்டாம், குறிப்பு எடுக்க வேண்டாம், விழித்திருக்க வேண்டாம், பேராசிரியர்களைச் சந்திக்க வேண்டாம், கவனிக்கவும் வேண்டாம். அடியில் பெரிய எழுத்தில், இவை இனிமேல் இல்லை என்ற அறிவிப்பு.

விஷயம் வெளியே வந்ததற்குப் பல்கலைக்கழகம் காரணமல்ல. 2010இல் கால்பந்து அணி மீது வேறொரு விசாரணை தொடங்கியது. ஏஜென்டுகளிடம் பணம் வாங்கியது, டியூட்டர் அளவுக்கு மீறி உதவியது என்ற குற்றச்சாட்டுகள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ராலே நகரின் நியூஸ் அண்ட் அப்சர்வர் பத்திரிகை ஆண்டுக்கணக்கில் தோண்டியது. நீதிமன்றத்தில் தாக்கலான ஒரு வீரரின் கட்டுரையைப் படித்து, அதில் காப்பியடித்த வரிகளைக் கண்டுபிடித்தவர்கள் பக்கத்துப் போட்டியாளரான என்சி ஸ்டேட்டின் ரசிகர்கள். என்சிஏஏவின் விசாரணையாளர்கள் விட்டதை ரசிகர்கள் பிடித்தார்கள் என்பது இன்றுவரை அவர்களுக்கு ஒரு பெருமை. உள்ளேயிருந்து பேசிய ஒரு வாசிப்புப் பயிற்சி நிபுணர் வேலையை விட்டார், வழக்குப் போட்டார். 2015இல் பல்கலைக்கழகம் 3,35,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

கால்பந்து வழக்குக்கு மட்டும் 2012இல் தண்டனை வந்தது. ஓராண்டு பருவ இறுதி ஆட்டத் தடை, 15 உதவித்தொகை இடங்கள் குறைப்பு. பேப்பர் கிளாஸ் அதில் சேரவில்லை.

தீர்ப்பு எப்படி அங்கே போய் முடிந்தது?

குழு மனம்போன போக்கில் முடிவெடுக்கவில்லை. தீர்ப்பின் வழியைப் படிப்படியாகப் பார்த்தால் புரியும்.

1. படிப்பு மோசடி நடந்ததா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியது பல்கலைக்கழகம். ஒரு பாடம் உருப்படியானதா, மதிப்பெண் நியாயமானதா என்று எடைபோட விளையாட்டுச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்பது உறுப்பினர்களே எழுதி வைத்த கொள்கை. 2016இல் திருத்திய விதியும் இதை மாற்றவில்லை.

2. சாப்பல் ஹில் தன் மதிப்பெண்களைத் திரும்பப் பெறவில்லை. வகுப்பில் மேற்பார்வை மோசம்தான், ஆனால் மாணவர்கள் கட்டுரை கொடுத்தார்கள், அன்றைய விதிகளின்படி அந்த மதிப்பெண் செல்லும் என்று நின்றது.

3. ஆகவே மோசடி என்ற பிரிவு அடிபட்டது. மிச்சம் இருந்தது கூடுதல் சலுகை.

4. பேப்பர் கிளாஸில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் சாதாரண மாணவர்கள். விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் என்று யாரும் கதவை மூடவில்லை. வீரர்களுக்காகவே திட்டமிட்டு உருவாக்கி நடத்திய வகுப்புகள் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று குழு சொன்னது. அதுவும் போயிற்று.

5. கடைசியில் தேறியது ஒத்துழைக்காத குற்றம் மட்டும். விசாரணைக்கு வராத துறைத் தலைவருக்கு ‘ஷோ காஸ்’ உத்தரவு ஐந்து ஆண்டுகளுக்கு. அந்தக் காலத்தில் அவரை விளையாட்டுத் துறை வேலைக்கு எடுக்கும் கல்லூரி, ஏன் எடுத்தோம் என்று என்சிஏஏவுக்கு விளக்கம் தர வேண்டும். விளையாட்டுத் துறையில் வேலையே பார்க்காத பேராசிரியருக்கு இந்தத் தண்டனை.

இரண்டாம் படியில்தான் பலருக்கு ரத்தம் கொதிக்கிறது. ஏனென்றால் இதே பல்கலைக்கழகம் இன்னொரு அமைப்பிடம் வேறு மாதிரிப் பேசியிருந்தது. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் செல்லும் என்று சான்று தரும் அமைப்புகள் உண்டு. தென் மாநிலங்களுக்கான அமைப்பு 2015இல் சாப்பல் ஹில்லை ஓராண்டு கண்காணிப்பில் வைத்தது. அந்த அமைப்புக்கு எழுதியபோது நடந்ததைப் படிப்பு மோசடி என்றே பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. சான்றிதழ் போய்விட்டால் பல்கலைக்கழகமே ஆட்டம் கண்டுவிடும், ஆகவே அங்கே பணிவு. என்சிஏஏ முன்னால் வந்தபோது, அந்தச் சொல் கவனக்குறைவில் வந்த எழுத்துப் பிழை என்றது. மாறி மாறிப் பேசுவது தங்களுக்கு உறுத்தலாக இருக்கிறது என்று குழுவே தீர்ப்பில் எழுதியது. அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. வழக்கறிஞர்களுக்கும் விசாரணைகளுக்கும் பல்கலைக்கழகம் செலவழித்தது ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல். போட்ட காசு வீண் போகவில்லை.

இந்தத் தர்க்கத்தை நேராக்கிச் சொன்னால் விபரீதம் தெரியும். பத்து வீரர்களுக்கு மட்டும் பொய் வகுப்பு நடத்தினால் கூடுதல் சலுகை, தண்டனை உறுதி. அதே வகுப்பில் பத்து சாதாரண மாணவர்களையும் சேர்த்துவிட்டால் அது பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம். மோசடி பரவப் பரவ விளையாட்டு விதிக்கு எட்டாமல் போகிறது.

ஒப்புக்கொண்டவர்களுக்கு விழுந்த அடி

நோட்ர டாம் கதை இதற்கு நேர் எதிர். 2012 பருவத்தில் அந்த அணி ஒரு தோல்வியும் இல்லாமல் 12 ஆட்டங்களை வென்று தேசிய இறுதிக்குப் போனது. அங்கே அலபாமாவிடம் தோற்றது. மாணவர் ஒருவர், அணி வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் பிரிவில் உதவியாளராக இருந்தவர், சில வீரர்களின் பாடவேலையைச் செய்து கொடுத்தது பின்னால் தெரிந்தது. பல்கலைக்கழகம் தானே விசாரித்தது, என்சிஏஏவுக்குத் தானே சொன்னது, சம்பந்தப்பட்டவர்களின் பழைய மதிப்பெண்களையும் திருத்தியது. அங்கேதான் மாட்டிக்கொண்டது. மதிப்பெண் பின்தேதியிட்டுக் குறைந்ததும் அந்த வீரர்கள் அன்று தகுதியில்லாமல் ஆடியவர்களாக ஆனார்கள். 2012இன் 12 வெற்றிகளும் 2013இன் 9 வெற்றிகளும் ரத்து. மேல்முறையீடு 2018 பிப்ரவரியில் தள்ளுபடியானது.

பல்கலைக்கழகத் தலைவர் ஜான் ஜென்கின்ஸ் அப்போது வெளியிட்ட கடிதத்தில் கேட்ட கேள்வி நியாயமானது. மதிப்பெண்ணைத் திருத்தாமல் வேறு விதமாகத் தண்டித்திருந்தால் இந்த ரத்து வந்திருக்காது அல்லவா? சாப்பல் ஹில் தீர்ப்பையும் அவர் சுட்டிக்காட்டினார்.

மிசூரி இதைவிடச் சோகம். 2016இல் டியூட்டர் தானே வந்து உண்மையைச் சொன்னார். பல்கலைக்கழகம் ஒத்துழைத்தது. 2019 ஜனவரியில் தீர்ப்பு: கால்பந்து, பேஸ்பால், சாஃப்ட்பால் மூன்று அணிகளுக்கும் ஓராண்டு பருவ இறுதிப் போட்டித் தடை. சாப்பல் ஹில்லுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று எல்லோரும் கேட்பார்கள் என்பது குழுவுக்கே தெரிந்திருந்தது. தீர்ப்பில் அதற்கு விளக்கமும் இருந்தது: சாப்பல் ஹில் தன் பாடங்களும் மதிப்பெண்களும் சரி என்று நின்றது, மிசூரி, டியூட்டர்தான் வேலையைச் செய்தார், அது தங்கள் நெறிமுறைக்கு எதிரானது என்று ஒப்புக்கொண்டது. சட்டப்படி பார்த்தால் விளக்கம் பிசகில்லாதது. அதைப் படிக்கும் அடுத்த பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் எந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வார் என்பதும் வெளிச்சம்.

தண்டனை விழும்போது யார் மேல் விழுகிறது?

ரசிகர்களின் இன்னொரு கோபம் தண்டனைகளின் தன்மை பற்றியது.

வெற்றியை ரத்து செய்வது ஏட்டளவிலான தண்டனை. எதிரணிக்கு அந்த வெற்றி போவதில்லை, ஆட்டம் திரும்ப நடப்பதும் இல்லை. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஓராண்டுக்கு முன் முடிந்த பாடத்தின் மதிப்பெண்ணை உயர்த்தி ஒரு வீரரை மறுபடி களமிறக்க, கூடைப்பந்து அலுவலக ஊழியர்களே கட்டுரை வேலையில் கை வைத்தார்கள். அதுவும் வேறு சில மீறல்களும் சேர்ந்து 2015இல் பயிற்சியாளர் ஜிம் போஹைமின் நூற்றுக்கும் மேற்பட்ட வெற்றிகள் கணக்கிலிருந்து போயின. ஆட்டங்களைப் பார்த்தவர்கள் மனதிலிருந்து எதுவும் போகவில்லை. அவருக்கு ஒன்பது ஆட்டங்கள் தடை, பிறகு வழக்கம்போலப் பயிற்சியைத் தொடர்ந்தார்.

பருவ இறுதித் தடைதான் உண்மையில் வலிக்கும். ஆனால் விசாரணை முடிய மூன்று நான்கு ஆண்டுகள் ஆகிவிடுவதால் தவறு செய்தவர்கள் பட்டம் வாங்கியோ தொழில்முறை ஆட்டத்துக்கோ போயிருப்பார்கள். மிசூரியில் தடையை அனுபவித்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த டியூட்டர் யார் என்றே தெரிந்திருக்காது.

ஒரு விளையாட்டையே நிறுத்தி வைக்கும் ‘மரண தண்டனை’ விதிப்புத்தகத்தில் இருக்கிறது. 1987இல் டெக்சாஸின் எஸ்எம்யூ கால்பந்து அணிக்கு, அதுவும் வீரர்களுக்குப் பணம் கொடுத்ததற்காக, அதைப் போட்டார்கள். அந்த அணி எழுந்து நிற்கப் பல பத்தாண்டுகள் ஆனதைப் பார்த்த பிறகு எந்தப் பெரிய கால்பந்து அணி மேலும் அதைப் பிரயோகிக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

ரசிகர்கள் சொல்வதில் எது சரி?

பயிற்சியாளர் ஜெரி டார்கேனியன் ஒருமுறை அடித்த கிண்டல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: பெரிய இடமான கென்டக்கி மேல் என்சிஏஏவுக்கு வந்த கோபத்தில் சின்ன இடமான கிளீவ்லாண்ட் ஸ்டேட்டுக்கு இன்னும் கொஞ்சம் தண்டனை போடப் போகிறார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் படிப்பு மோசடி வழக்குகளில் இது முழுக்கப் பொருந்தவில்லை. நோட்ர டாமைவிடப் பெரிய பெயர் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் சிலவே. சிரக்யூஸ், ஃபுளோரிடா ஸ்டேட் எல்லாம் சின்ன இடங்கள் அல்ல. ஃபுளோரிடா ஸ்டேட்டின் பாபி பௌடன் அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர் என்ற சாதனைக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவருடைய 12 வெற்றிகள் ரத்தாயின.

பெரிய இடத்துக்கு உண்மையில் கிடைக்கும் வசதி வேறு. நல்ல வழக்கறிஞர்களை அமர்த்தலாம். ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம். அசைந்து கொடுக்காமல், எங்கள் மதிப்பெண் எங்கள் உரிமை என்று நிற்கலாம். சாப்பல் ஹில்லைக் காப்பாற்றியது அதன் கூடைப்பந்துப் புகழ் என்பதைவிட இந்தப் பிடிவாதம் என்பதே தீர்ப்பைப் படித்தால் தோன்றுகிறது. குழு உறுப்பினர்களை மாற்றினாலும் அதே விதிப்புத்தகம் இருக்கும்வரை முடிவு பெரிதாக மாறியிருக்காது.

அப்படியானால் விதியை மாற்றினால் என்ன? இதற்கு எதிராக ஒரு கனமான வாதம் இருக்கிறது, ரசிகர்கள் அதைக் காதில் வாங்குவதில்லை. எந்தப் பாடம் தரமானது என்று ஒரு விளையாட்டுச் சங்கம் தீர்மானிக்கத் தொடங்கினால் நாளைக்கு எந்தத் துறையின் எளிய பாடத்தையும் அது கேள்வி கேட்கலாம். பேராசிரியர் போட்ட மதிப்பெண்ணை ஒரு விளையாட்டு விசாரணையாளர் திருத்துவதைப் பல்கலைக்கழகங்கள் ஏற்காது, ஏற்கவும் கூடாது. ஆனால் சாப்பல் ஹில்லில் மதிப்பெண் போட்டவர் பேராசிரியரே இல்லை. பாடத்தின் தரத்தை எடைபோடாமலே, கற்பிப்பவர் ஒருவர் இருந்தாரா, அவர்தான் மதிப்பெண் போட்டாரா என்று மட்டும் கேட்கும் விதி எழுத முடியாத விதி அல்ல.

இப்போது நிலைமை

2018 ஏப்ரலில், முன்னாள் வெளியுறவுச் செயலர் கொண்டலீசா ரைஸ் தலைமையிலான ஆணையம் கல்லூரிக் கூடைப்பந்து பற்றி அறிக்கை கொடுத்தது. வேறொரு லஞ்ச ஊழலுக்காக அமைத்த ஆணையம் அது. ஆனாலும் மோசடியின் பலன் எல்லா மாணவர்களுக்கும் கிடைத்தது என்று சொல்லி எந்தக் கல்லூரியும் தப்பிக்க இனி இடம் கொடுக்கக் கூடாது என்று அதில் எழுதியது. சாப்பல் ஹில் என்று பெயர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இதற்கிடையில் களம் மாறிவிட்டது. 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி ஒவ்வொரு பெரிய பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். கையில் காசு வந்த பிறகு படிப்பு யாருக்கு வேண்டும், இந்த மோசடிப் பேச்சே பழங்கதை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டத் தகுதிக்கு இன்னும் மதிப்பெண் வேண்டும். 2024இலிருந்து, படிப்புத் தகுதி மட்டும் இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே ஆடலாம். அடுத்த கல்லூரியில் பெரிய ஒப்பந்தம் காத்திருக்கும் வீரருக்கு ஒரு பாடத்தில் டி வாங்கித் தேறுகிறாரா தோற்கிறாரா என்பது முன்னைவிட அதிகப் பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்த வழக்கு செய்தியில் வரும்போது தண்டனை எப்படி முடியும் என்று ஊகிக்க மூன்று கேள்விகள் போதும்.

1. வேலையை யாரோ எழுதிக் கொடுத்தார்களா, பாடமே பொய்யா? முதலாவது என்றால் தண்டனைக்கு வாய்ப்பு அதிகம்.

2. வகுப்பில் சாதாரண மாணவர்களும் இருந்தார்களா? கணிசமாக இருந்தால் கூடுதல் சலுகைக் குற்றச்சாட்டு நிற்காது.

3. பல்கலைக்கழகம் மதிப்பெண்ணைத் திரும்பப் பெற்றதா? பெற்றிருந்தால் வெற்றிகள் ரத்தாகும். பெறாமல் நிற்கிறது என்றால், செய்தியில் பெயர் நாறினாலும் கோப்பை அங்கேயே இருக்கும்.